பிறநாட்டு ஆட்டப்பொறிகளும் நம்நாட்டு மின்சாரமும்

ஒரு மொழியில் வழங்கும் சொல் பிறிதொரு மொழியினுட் புகுங்கால், அது தன் பழைய உருவத்தோடு அப்படியே வந்து அமர்வதில்லை. வடசொல்லாயின் நம் மொழிக்கியையாத எழுத்துக்களை விடுத்து, இயைந்த எழுத்துக்களை மேற்கொண்ட பின்னரே தமிழ்ச் செய்யுளில் இடம்பெறுதற்கு உரியதாமென்று தொல்காப்பியர் விதித்துப் போந்தார். சொல்லுக்குரிய இவ்விதி பொருளுக்கும் ஒருவாறு பொருந்துவதாகும். பிறநாட்டிற் செய்த மின்பொறியொன்று நம் நாட்டுச் சுவரிலுள்ள மின்துளையிற் பொருத்தப்படுமாயின், அதற்கும் நம் மின்சாரத்திற்கும் இடையே ஒரு திரிபு நிகழ்ந்தே தீரவேண்டும். அத்திரிபு முறைப்படி நிகழின் பொறி இயங்கும்; முறை தவறின் பொறி அழியும்; சிலபோது அதனைத் தொட்டவர் உயிரும் அழியும். ஆதலின் இதனை ஆராய்ந்தறிதல் பயனுடைத்து.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொறி, காசிட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டியாகும். மக்கள் இதனை வீடியோ கேம் என்றும், நகரத்தார் ஆர்க்கேட் என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் ஆட்டப்பொறி என்றே குறிப்போம். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதிலென்ன வேலையென்று நண்பர்கள் வினவக்கூடும். நம் மாவட்டத்துச் சிற்றூர்களிற் கைத்தொழிலும் சிறுவாணிகமும் செய்து பிழைக்க முயலும் இளைஞர்க்கு இவ்வறிவு தமிழிற் கிடைத்தல் வேண்டும் என்பதே எமது விடை. பொறியின் முதுகில் ஒட்டிய தகட்டிலுள்ள எழுத்து ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க, அதனை வாங்குவோர் தமிழரேயாயின், இடையில் நின்று உரைகூறுதல் மொழி பயில்வோர் கடமையேயன்றோ?

பொருள் எளிதில் விளங்குதற்பொருட்டு ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். துறையூருக்கு அணித்தே, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது உப்பிலியபுரம். அவ்வூர் இளைஞரொருவர், புளியஞ்சோலைக்குச் செல்வோரும் ஊர்ச்சிறுவரும் வந்து ஆடுதற்கென, கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஜப்பானில் பயன்படுத்திக் கழித்த ஆட்டப்பொறிகள் நான்கினைக் கடன்பட்டு வாங்கினாரென்று கொள்வோம். பொறிகள் வந்திறங்கின. இனி அவர் செய்யவேண்டுவன யாவை?

1. பொறியின் வரலாறு

அமெரிக்காவில் அட்டாரி என்னும் நிறுவனத்தார் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட பாங் என்னும் பந்தாட்டப் பொறியே இத்தொழிலை உலகெங்கும் பரப்பிற்று. அதன்பின் ஜப்பானியர் இத்துறையிற் புகுந்து முதலிடம் பெற்றனர். டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இலும், நாம்கோ நிறுவனத்தின் பேக்மேன் 1980இலும் தோன்றின. 1985ஆம் ஆண்டளவில் ஜப்பானிய ஆட்டப்பொறி செய்வோர் சங்கத்தார், எந்த நிறுவனத்தின் ஆட்டப்பலகையும் எந்தப் பெட்டியிலும் பொருந்துமாறு ஜாமா என்னும் பொது இணைப்பு முறையொன்றை வகுத்தனர். இதனாற் பெட்டி ஒன்றேயாக, உள்ளிருக்கும் பலகையை மட்டும் மாற்றிப் புதுப்புது ஆட்டங்களை ஆடும் வசதி உண்டாயிற்று. அக்காலத்துப் பெட்டிகள் பல இன்றும் கெடாது நின்று, கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து செல்கின்றன.

ஜாமா முறையில் ஆட்டப்பலகைக்கு வேண்டிய மின்சாரம் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டுமே. சிலவற்றிற்கு எதிர்மறை 5 வோல்ட்டும் வேண்டும். அஃதாவது, ஆட்டத்தின் மூளையாய பலகை மிகச் சிறிய அழுத்தத்தில் இயங்குவது. சுவரிலிருந்து வரும் பெரிய அழுத்தத்தை அதற்கேற்பச் சுருக்கித் தருவது பெட்டியினுள்ளிருக்கும் மின்வழங்கியாகும். நாம் அஞ்சவேண்டுவது இம்மின்வழங்கியையும், படக்குழாயையும், தலைப்பலகை விளக்கையும், காற்றாடியையும் குறித்தேயாம்.

2. அழுத்தம், ஓட்டம், அலைவு

மின்சாரத்தைப் பற்றிப் பேசுவார் மூன்று சொற்களை வேறுபாடறிந்து ஆளவேண்டும். அவை மின்னழுத்தம், மின்னோட்டம், அலைவெண் என்பன. கொல்லிமலையினின்று இழியும் ஓடையை நினைவிற் கொள்க. நீர் எத்துணை உயரத்தினின்று வீழ்கின்றதோ அதனைப் போன்றது அழுத்தம். இதனை வோல்ட் என்னும் அளவால் அளப்பர். எத்துணை நீர் வீழ்கின்றதோ அதனைப் போன்றது ஓட்டம். இதன் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கி வருவது அந்நீர் செய்யத்தக்க வேலையின் விரைவாகும். இதனை வாட் என்பர். சிறிதளவு நீர் பேருயரத்தினின்று வீழினும், பெருநீர் சிற்றுயரத்தினின்று வீழினும் வேலை ஒன்றாதல் கூடும்.

அலைவெண் என்பது இவ்விரண்டினும் வேறானது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒருதிசையே ஓடுவதன்று. முன்னும் பின்னுமாக அலைவது. ஒரு நொடியில் அஃது எத்துணை முறை அலைகின்றதோ அத்துணை ஹெர்ட்ஸ் என்பர். இலக்கணம் பயின்றார்க்கு இதனை எளிதிற் காட்டலாம். ஓரெழுத்தை மெல்லவும் உரக்கவும் ஒலிக்கலாம். அதனால் அதன் மாத்திரை மாறாது. குறில் உரக்க ஒலிப்பினும் ஒருமாத்திரையே. நெடில் மெல்ல ஒலிப்பினும் இருமாத்திரையே. உரப்புப் போன்றது அழுத்தம். மாத்திரை போன்றது அலைவு. ஒன்றை மாற்றுங் கருவி மற்றொன்றை மாற்றாதென்பதை இவ்வுவமையால் உளங்கொள்க. பின்னர் இது பயன்படும்.

3. நாட்டுக்கு நாடு வேற்றுமை

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அலைவெண்ணோ நாட்டின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஆகும். ஒரு நாட்டினுள்ளே இரண்டு அலைவெண் வழங்குவது வியப்பன்றோ? அதன் காரணம் வரலாற்றிலுள்ளது. மின்சாரம் புதிதாகப் புகுந்த 1890களில் டோக்கியோ நகரத்தார் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளையும், ஒசாக்கா நகரத்தார் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளையும் வருவித்தனர். அன்று செய்த கொள்முதலின் விளைவு இன்றளவும் நீங்கிற்றில்லை.

இப்பிளவினால் நமக்கொரு நன்மையுண்டு. ஜப்பானில் விற்கும் பொருள் இருபகுதியிலும் இயங்கவேண்டுதலின், ஆட்டப்பொறி செய்வோர் பெரும்பாலும் 50, 60 என்னும் இரண்டிற்கும் பொருந்துமாறே அதனை அமைத்தனர். தகட்டில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொறித்திருப்பின், நாம் மாற்றவேண்டுவது அழுத்தம் ஒன்றே. அமெரிக்கப் பொறிகளின் செய்தி வேறு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

மாற்றாது பொருத்தினால் விளைவதென்ன? 100 வோல்ட்டுக்கென அமைந்த விளக்கிழை போன்ற ஓருறுப்பிற்கு 230 வோல்ட் கொடுப்பின், அழுத்தம் 2.3 மடங்காகும், அதனால் ஓட்டமும் ஏறத்தாழ 2.3 மடங்காகும், ஆகவே எழும் வெப்பம் ஐந்து மடங்கிற்கும் மேற்படும். உருகி முந்திக்கொண்டு அறுமாயின் நன்று. அல்லாக்கால் மின்வழங்கியினுள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெடித்துப் புகையும். ஜப்பானியச் செருகியின் இரண்டு தட்டைக் கால்கள் நம் வட்டத் துளைகளிற் புகாவென்பது உண்மையே. ஆனால் அத்தடையை நீக்கும் சிறு இணைப்பான்கள் கடைதோறும் மலிவாகக் கிடைக்கின்றன. அவை காலின் வடிவத்தை மாற்றுவனவேயன்றி அழுத்தத்தை மாற்றுவனவல்ல. இவ்வேற்றுமையை அறியாமையே பொறிகள் பல பாழாதற்குக் காரணம்.

4. மாற்றி தொழிற்படும் முறை

அழுத்தத்தை மாற்றுங் கருவி மின்மாற்றியாகும். இதனைக் காணாதார் ஒருவருமிலர். உப்பிலியபுரத்துத் தெருவோரத்திற் கம்பங்களின்மேல் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் இதுவே. பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தோடு ஊருக்கு வரும் மின்சாரத்தை வீட்டிற்குரிய 230 ஆகக் குறைத்துத் தருவது அதன் தொழில். நம் இளைஞர் வாங்கவேண்டுவது அதன் தம்பியென்று சொல்லத்தக்க ஒரு சிறு பெட்டியே.

இதன் அடிப்படையை 1831ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இரும்பு வளையமொன்றின் ஒருபுறம் ஒரு கம்பிச்சுருளும், மறுபுறம் பிறிதொரு சுருளும் சுற்றி, ஒன்றில் ஓட்டத்தை மாற்றிய கணத்தில், ஒட்டும் உறவுமில்லாத மற்றொன்றிலும் ஓட்டம் எழுதலைக் கண்டார். முதற்சுருளின் மின்சாரம் இரும்பிற் காந்தவலிமையை உண்டாக்குகின்றது. அக்காந்தவலிமை ஏறியிறங்க, அதனால் இரண்டாஞ்சுருளில் மின்னழுத்தம் பிறக்கின்றது. எனவே மாறாது ஒருதிசையே ஓடும் மின்சாரத்தால் இக்கருவி இயங்காது. அலையும் மின்சாரமே வேண்டும்.

பிறக்கும் அழுத்தத்தின் அளவு சுற்றுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. முதற்சுருளில் 460 சுற்றும் இரண்டாவதில் 200 சுற்றும் இருப்பின், 230 வோல்ட் கொடுக்க 100 வோல்ட் கிடைக்கும். அழுத்தம் குறையவே, அதற்கீடாக ஓட்டம் மிகும். ஒரு பொறி 150 வாட் கொள்வதாயின், 100 வோல்ட் பக்கத்தில் 1.5 ஆம்பியரும், 230 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 0.65 ஆம்பியரும் ஓடும். மாற்றி ஆற்றலைப் படைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. சிறிது வெப்பமாகக் கழிவதொழிய, வாங்கியதைக் கொடுக்கின்றது.

மாற்றிகள் இருவகைப்படும். இருசுருளும் தனித்தனியே நிற்பது பிரிப்பு மாற்றி. ஒரே சுருளின் ஒருபகுதியைப் பொதுவாக வைத்து இடையிற் கிளைபிரித்துக் கொள்வது தன்மாற்றி. தன்மாற்றி எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆயினும் அதிற் சுவர் மின்சாரத்திற்கும் பொறிக்கும் நேர்த்தொடர்பு உண்டு. பொதுப்பகுதிக் கம்பி அறுமாயின் 230 வோல்ட்டும் பொறியின்மேற் பாயக்கூடும். பிரிப்பு மாற்றியில் இவ்விடரில்லை. நான்கு பொறிகளைக் கடன்பட்டு வாங்கியவர், மாற்றியிற் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணுதல் அறிவுடைமையாகாது.

5. மாற்றியாலாகாதது

மாற்றி உரப்பை மாற்றும்; மாத்திரையை மாற்றாதென்று முன்னர்க் குறித்தோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உட்புகுந்தால் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸே வெளிப்படும். ஆகவே 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த அமெரிக்கப் பொறியை வாங்கினார் மேலும் சிலவற்றை ஆராயவேண்டும்.

முதலாவது, அப்பொறியினுள்ளிருக்கும் சொந்த மின்மாற்றி. அலைவு 60இலிருந்து 50ஆகக் குறையின், அதே அழுத்தத்தில் இரும்பினுட் செல்லும் காந்தப்பெருக்கம் ஐந்தில் ஒருபங்கு மிகும். இரும்பு அதனைத் தாங்குமளவு பெரிதாயின் கேடில்லை. சிக்கனமாகச் செய்ததாயின் முனகி வெப்பமடையும். இரண்டாவது, தலைப்பலகையிலுள்ள குழல்விளக்கின் பழைய சோக்கு. அதனூடு ஓடும் மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவு மிகும். நம் ஊர்ச் சோக்கையும் குழலையும் அவ்விடத்து அமைத்துவிடுதல் எளிய வழி. மூன்றாவது, அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் காற்றாடியும் மோட்டாரும். நிமிடத்திற்கு 1800 சுற்றுச் சுழலவேண்டியது 1500ஆகக் குறையும், குளிர்ச்சியும் குறையும்.

ஆயின் ஆட்டமும் அவ்வாறு மந்தமாகுமோவெனின், ஆகாது. பலர் ஐயுறுவது இவ்விடத்தேயாதலின் விளக்குவாம். ஆட்டப்பலகையின் காலக்கணக்கு சுவர் மின்சாரத்தின் அலைவைப் பின்பற்றுவதன்று. பலகையின்மேல் அமைந்த படிகக்கல்லின் அதிர்வைப் பின்பற்றுவது. மின்வழங்கியோ அலையும் மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கியே பலகைக்குத் தருகின்றது. எனவே டோக்கியோவில் எத்துணை விரைவாக ஓடிற்றோ, உப்பிலியபுரத்திலும் அத்துணை விரைவாகவே பேக்மேன் ஓடுவான்.

அமெரிக்கப் பொறிகள் பலவற்றின் உள்மாற்றியில், பல நாடுகளுக்கும் ஏற்பப் பல கிளைகள் அமைத்திருப்பர். உட்கம்பியை 230 வோல்ட்டுக்குரிய கிளைக்கு மாற்றிவிட்டால் வெளிமாற்றியே வேண்டுவதில்லை. அதனை அறியாது புறத்தே மற்றொரு மாற்றி வாங்குதல் வீண்செலவு. அதுபோலவே, சில மின்வழங்கிகளில் 115, 230 என்று தள்ளிவிடும் சிறு பொத்தானொன்று உண்டு. அதனை 230இல் வைத்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். 115இல் இருக்க 230 கொடுப்பின் அக்கணமே வெடிக்கும்.

6. தேர்ந்தெடுக்கும் முறை

இனி நம் இளைஞர் படிப்படியாகச் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துரைப்பாம்.

பொறியின் பின்புறத் தகட்டை முதலிற் படிக்க. 100-240 வோல்ட் என்றிருப்பின் மாற்றியே வேண்டா. செருகியை மாற்றினாற் போதும். புதிய தட்டைத்திரைப் பொறிகளின் மின்வழங்கிகள் பெரும்பாலும் இவ்வகையின. 100 என்று மட்டும் இருப்பின் மாற்றி வேண்டும்.

அடுத்து, 110 வோல்ட் மாற்றியும் 100 வோல்ட் மாற்றியும் ஒன்றென்று கருதற்க. நம் கடைகளில் எளிதிற் கிடைப்பது 220ஐ 110ஆக்கும் மாற்றி. அதற்கு 230 கொடுத்தால் 115 வெளிப்படும். 100 வோல்ட்டுக்குரிய பொறிக்கு இது நூற்றுக்குப் பதினைந்து மிகை. விளக்கிழை முதலியவற்றில் வெப்பமோ நூற்றுக்கு முப்பத்திரண்டு மிகை. ஒருநாளிற் கேடு தோன்றாது. நாள்தோறும் பத்துமணி நேரம் எரியும் கடையில், சில திங்களுள் மின்தேக்கிகள் உப்பும். படக்குழாயின் சுற்றுக்கள் தளரும். 100 வோல்ட் என்று சொல்லிச் சுற்றுவித்தலே முறை. திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில் மோட்டார்க்கும் ஸ்டெபிலைசருக்கும் சுருள் சுற்றுவோர் வேண்டிய அளவிற் சுற்றித் தருதல் கூடும்.

மூன்றாவது, வலிமை. மாற்றியின் வலிமையை வோல்ட்-ஆம்பியர் என்னும் அளவாற் கூறுவர், மக்கள் கே.வி.ஏ. என்பர். 150 வாட் பொறிக்கு 150 வோல்ட்-ஆம்பியர் மாற்றி போதாது. படக்குழாய்ப் பொறி விசை போட்ட கணத்தில் இயல்பினும் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அன்றியும் மாற்றியும் நாள்முழுதும் முழுச்சுமையில் நிற்றலாகாது. இருமடங்கேனும் வைத்துக்கொள்க. நான்கு பொறிகளுக்கு 600 வாட் ஆதலின், ஒன்றே கால் கே.வி.ஏ.க்குக் குறையாத ஒரு மாற்றியோ, பொறிக்கொன்றாக நான்கு சிறு மாற்றிகளோ வேண்டும். தனித்தனி மாற்றி செலவு மிக்கதேனும், ஒன்று பழுதுற மூன்று இயங்கும். பெரியது பழுதுறின் கடையே அடைபடும்.

நான்காவது, பயணிகள் கையிற் கொண்டுசெல்லும் எடையற்ற மின்னணு மாற்றிகளை இதற்குப் பயன்படுத்தற்க. அவற்றுட் பல அலையின் ஒருபகுதியை வெட்டியெறிந்து சராசரியைக் குறைப்பன. இஸ்திரிப்பெட்டிக்கும் தலையுலர்த்திக்கும் அது தகும்; ஆட்டப்பலகைக்கும் படக்குழாய்க்கும் தகாது. இரும்பும் செம்பும் நிறைந்த மாற்றி கனத்தே இருக்கும். அக்கனமே அதன் நற்சான்று.

ஐந்தாவது, சிற்றூர்க்குரிய இடர் ஒன்றுண்டு. நீரிறைக்கும் மோட்டார்கள் பல ஒருங்கே ஓடும் வேளையில், மின்தொடரின் கடைக்கோடியில் அழுத்தம் தாழ்தலை நாமறிவோம். மாற்றி விகிதத்தைக் காப்பதேயன்றி அளவைக் காப்பதன்று. சுவரில் 190 வோல்ட்டாகக் குறையின் பொறிக்கு ஏறத்தாழ 83 வோல்ட்டே சேரும். 250ஆக ஏறின் 109 சேரும். முன்னதிற் படம் சுருங்கி ஆட்டம் பாதியில் நின்றுவிடும். காசிட்ட சிறுவன் அழுவான். பின்னதிற் பொறி நோகும். ஆதலின் மாற்றிக்கு முன்னர் ஒரு ஸ்டெபிலைசர் நிறுத்துதல் நலம். முதலில் நிலைப்படுத்துக, பின்னர்க் குறைக்க.

7. உயிர்க்காப்பு

மேற்கூறியனவெல்லாம் பொருளைக் காக்கும் நெறிகள். இனிக் கூறுவது உயிரைக் காக்கும் நெறி. இதனை எவ்வாற்றானும் விடலாகாது.

ஆட்டப்பொறியை ஆடுவோர் பெரும்பாலும் சிறுவர். வெறுங்காலுடன் நின்று, வியர்த்த கையால் உலோகப் பலகையை அழுத்திப் பிடித்து, நேரம்போவது தெரியாது நிற்பர். மின்கசிவிற்கு இதனினும் வாய்ப்பான நிலை வேறில்லை. ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கெனக் காலத்தைப் பகுப்பதுபோல ஆம்பியரையும் ஆயிரமாகப் பகுத்தால், அப்பங்கிற் சில பத்தே மனிதவுடலிற் பாய்ந்து உயிர்போக்கப் போதும். 100 வோல்ட் தானேயென்று எளிதாக எண்ணற்க. நனைந்த உடலுக்கு அதுவும் கூற்றே.

ஜப்பானியச் செருகிக்கு இரண்டே கால். நிலத்தொடர்புக்குரிய மூன்றாங்கால் இல்லை. அதற்கெனப் பெட்டியிலிருந்து பச்சைநிறக் கம்பியொன்று தனியே தொங்கும். இதன் பயனறியாதார் அதனைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவர். சிலர் வெட்டியும் எறிவர். அக்கம்பியே சிறுவனின் உயிர்க்கம்பி. அதனைக் கடையின் எர்த்துக்கம்பியோடு இறுக இணைத்தல் வேண்டும். அந்த எர்த்தும் பெயரளவிலன்றி மெய்யாகவே நிலத்திற் புதைந்து தொழிற்படுகின்றதாவென மின்பணியாளரைக்கொண்டு அளந்தறிதல் வேண்டும்.

மாற்றிக்கு முன்னர்ச் சுவர்ப்பக்கத்தில் 30 மில்லியாம்பியர்க் கசிவில் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புவிசையை அமைக்க. ஆனால் பிரிப்பு மாற்றிக்கு அப்பால் நிகழுங் கசிவை அவ்விசை காணமாட்டாது. இருசுருளும் ஒட்டாமையே அதற்குக் காரணம். ஆகலின் மாற்றிக்கு அப்பால் ஒவ்வொரு பொறிக்கும் தனி உருகியும், உலோகவுடற்கு எர்த்தும் இன்றியமையாதன. ஒன்றிருக்க மற்றொன்று வேண்டாவென்று கருதுவது கேட்டிற்கு வழி.

பழைய அமெரிக்கப் பெட்டிகளின் படக்குழாய்ச் சட்டம் சில, மின்தொடரோடு நேரே இணைந்த உடலையுடையன. அவற்றிற்குப் பெட்டியினுள் பிரிப்பு மாற்றியொன்று வைத்திருப்பர். அதனைத் தேவையற்றதெனக் கழற்றிவிட்டு வெளியே தன்மாற்றி வைப்பின், சட்டத்தைத் தொட்டவர் மின்கம்பியைத் தொட்டவரேயாவர். மேலும் படக்குழாயின் உள்ளே பதினாயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் விசையை அணைத்த பின்னரும் தங்கிநிற்கும். ஆதலாற் செருகியைப் பிடுங்கிவிட்டோமென்று துணிந்து, பயிற்சியில்லாதார் பின்கதவைத் திறந்து கைவைத்தல் ஆகாது. மாற்றியையும் காற்றோட்டமுள்ள உயரத்தில், சிறுவர் கைக்கெட்டாது, மழைநீர் சிதறாது வைக்க.

8. நம்மவர் முன்னரே கண்ட வழி

பிறநாட்டுப் பொறியும் நம் மின்சாரமும் இயைதல் புதிய செய்தியன்று. சென்னைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் மின்சாரம் 1500 வோல்ட் ஒருதிசை மின்சாரம். 1960களில் அது 25,000 வோல்ட் அலைமின்சாரமாக மாற்றப்பெற்றது. அதற்கென ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்.1 என்னும் இஞ்சின்கள் வந்தன. தலைக்குமேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட். இஞ்சினின் மோட்டாருக்கு வேண்டுவதோ மிகக் குறைவு. இடையே நின்று குறைத்தது இஞ்சினின் வயிற்றினுள் அமைந்த மின்மாற்றியே. ஆட்டப்பொறியின் அருகில் அமர்ந்திருக்கும் சிறு பெட்டியும், விழுப்புரம்வரை ரயிலை இழுத்த அப்பெருங்கருவியும் ஒரே நெறியின.

எதிர்த்திசையிலும் இது நிகழ்கின்றது. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைக் கனடாவிலுள்ள தமிழர் வீட்டிற்குக் கொண்டுசெல்வார் உளர். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அழுத்தத்தை உயர்த்தும் மாற்றி வைத்தாலும் அலைவு மாறாமையின், கல் ஐந்துக்கு ஆறாக விரைந்து சுழலும், மாவு சூடேறும். ஆதலின் அந்நாட்டு மின்சாரத்திற்கென்றே மோட்டார் அமைந்த கிரைண்டரை வாங்கிச் செல்வதே தக்கது. ஜப்பானியர் பெட்டி இங்கு வந்து படும் பாட்டை, நம் கிரைண்டர் அங்குச் சென்று படுகின்றது. நெறி இருவர்க்கும் பொது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், பிறநாட்டு ஆட்டப்பொறியை இயக்குதற்கு முதற்கண் வேண்டுவது தகட்டைப் படிக்கும் பொறுமையென்பதும், அழுத்தமும் அலைவும் வெவ்வேறென்னும் தெளிவு அதற்கடுத்ததென்பதும், தக்க வலிமையுள்ள மாற்றியும் மெய்யான எர்த்தும் இன்றியமையாதனவென்பதும் பெறப்பட்டன. மாற்றிக்கும் ஸ்டெபிலைசருக்கும் எர்த்துக்கும் ஆகும் செலவைப் பொறியின் விலையிற் சேர்த்தெண்ணிய பின்னரே கடன்படுதல் வேண்டும். அவ்வாறு எண்ணின் நான்கு பொறிக்குப் பொருள் போதாதாயின், மூன்று வாங்குக. பொறி குறைந்தாற் சிறிது வருவாய் குறையும். காப்புக் குறைந்தால் திரும்பப் பெறலாகாத பொருள் குறையும்.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்வார் தத்தம் ஊரில் இத்தகைய கடை ஏதேனும் காண்பாராயின், பெட்டியின் பின்புறத்தே பச்சைக்கம்பி எங்குச் செல்கின்றதென ஒருமுறை நோக்குக. அஃது ஓரிடத்தும் செல்லாது தொங்குமாயின், கடைக்காரரிடம் பணிவோடு எடுத்துரைக்க. நூலிற் கற்றது ஊருக்குப் பயன்படும் வழிகளுள் அதுவும் ஒன்றாகும்.